ஏ வந்தால் யு

"ஏ வந்தா எதிர்ல என்ன வரும்?"

"டி."

"போச்சு! மறுபடியும் டி-யா?" மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். வேலையிலிருந்து வந்து நன்றாகத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் சிமென்ட் போகவில்லை. அந்த விரலாலேயே புத்தகத்தின் வரியைத் தொட்டுக் காட்டினார். "டி.என்.ஏ-வுக்குள்ளன்னா ஏ-க்கு டி ஜோடி, சரிதான். ஆனா நாம இப்ப எடுக்கிறது ஆர்.என்.ஏ காப்பி. அங்க டி-ங்கிற ஆளே கிடையாது. அந்த எடத்துக்கு யு. எத்தன தடவ சொல்றது?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். "மெதுவாப்பா. அம்மா முகத்தப் பாருங்க."

"மெதுவாச் சொல்ல நாள் எங்க இருக்கு? நாளைக்குக் காலையில ஒம்பதரைக்குப் போய் நிக்கணும். தலைமையாசிரியை பெரிய மனசு பண்ணி, ஒரு தடவ பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அங்க போய்த் திருதிருன்னு முழிச்சா, அப்புறம் அந்த வாசப்படிய மிதிக்கவே முடியாது."

மனைவி புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். "வரல. விடுங்க. நான்... மக்கு."

மேஸ்திரியின் குரல் இறங்கியது. நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் மட்டும் என்ன மேதையா? எட்டாவதோட படிப்ப மூட்டை கட்டினவன். இத்தன மாசமா சாப்பாட்டு நேரத்துல சாரத்துக்குக் கீழ உக்காந்து படிச்சேன். புரியாதத இவகிட்டக் கேட்டேன். எனக்கே ஏறும்போது உனக்கு ஏறாதா?"

"மொதல்ல டி.என்.ஏ-ன்னதும் ஏதோ புது சிமென்ட் கம்பெனின்னு நெனச்சாரும்மா!" என்றாள் மகள்.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரி அந்தச் சமயத்தை விடவில்லை.

"இங்க பாரு. தூணுக்குப் பலகை அடிச்சு கான்கிரீட் ஊத்தறோம். பலகையில பள்ளம் இருந்தா வார்ப்புல அந்த எடம் மேடு. மேடா இருந்தா பள்ளம். இதுவும் அப்படித்தான். ஜி வந்தா சி. சி வந்தா ஜி. டி வந்தா ஏ. ஏ வந்தா...?"

அவள் உதடுகள் குவிந்தன. சத்தம் வரவில்லை. மேஸ்திரி தானும் உதட்டைக் குவித்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மகளும் குவித்தாள்.

"யு," என்றாள் மனைவி.

"அப்படிப் போடு!"

மறுநாள் மேஸ்திரி வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில், பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றார். அங்கிருந்து கரும்பலகையையும் அதன் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியையையும்தான் பார்க்க முடிந்தது.

"அவசரமே இல்ல. நிதானமா எழுதுங்க," என்றார் தலைமையாசிரியை.

மனைவி சாக்பீஸை எடுத்தாள். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. அதை இடது கையால் பிடித்துக்கொண்டு ஆறு எழுத்துகள் எழுதினாள். டி, ஏ, சி, ஜி, ஜி, ஏ.

முதல் எழுத்தான டி-க்குக் கீழே ஏ போட்டாள். அடுத்ததற்குக் கை நின்றுவிட்டது.

வராந்தாவில் மேஸ்திரி மீன் போல உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றார். தண்ணீர்க் குடம் தூக்கிப்போன ஆயா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

யு விழுந்தது. பிறகு ஜி, சி, சி. கடைசி ஏ-க்கு யோசிக்காமலே யு.

மேஸ்திரி மூச்சு விடுவதற்குள் உள்ளே யாரோ கேட்டார்கள். "காப்பி எடுக்கும்போது நடுவுல ஒரு எழுத்து தப்பா விழுந்துட்டா?"

இதை மேஸ்திரி சொல்லிக்கொடுக்கவே இல்லை. உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

அவள் பலகையின் மேல்வரியில் விரலை வைத்தாள். பிறகு திரும்பினாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"காப்பியிலதான... தப்பு? ஒரிஜினல்... பத்திரமா இருக்கு. அதப் பாத்து... இன்னொண்ணு... சரியா எடுத்துக்கலாம்."

அடுத்த நொடி உள்ளே பெஞ்சுகள் கிறீச்சிட்டன. "நம்ம டீச்சர் வந்துட்டாங்க!" என்று நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பத்தொன்பது வருடமாக இதே வகுப்பில் இதே பாடத்தை நடத்தி, திடீரென வந்த பக்கவாதத்தில் அத்தனை சொற்களையும் பறிகொடுத்த உயிரியல் ஆசிரியை, எட்டு மாதம் கழித்து எடுத்த முதல் வகுப்பு அது.