பொருந்தாத கார்டு

"உங்க வீட்டு மெஷினுக்கு இந்தக் கார்டு சேராது அண்ணாச்சி. சொன்னாக் கேளுங்க."

மூன்றாவது தடவையாகச் சொன்னான் வேல்சாமி. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பூவனநாதன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

கோவில்பட்டியில் கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர் என்றால் வேல்சாமி கடைதான். 'பொருத்தம் பாராமல் பொருள் தருவதில்லை' என்று வாசலில் போர்டே மாட்டியிருந்தான். கல்யாணத் தரகர்கூடப் பத்துக்கு ஆறு பொருத்தம் இருந்தால் பேசி முடித்துவிடுவார். வேல்சாமியிடம் அந்தச் சலுகை கிடையாது. பிராசஸருக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு, கார்டுக்கு ஏற்ற பிராசஸர். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் விற்க மாட்டான். ஊர் அவனைப் 'பொருத்தம் வேல்சாமி' என்றே கூப்பிட்டது. அவனுக்கும் அதில் பெருமைதான்.

"உங்களுக்குப் புரியுத மாதிரியே சொல்லுதேன் அண்ணாச்சி. கார்டு படத்த வரையும். என்ன வரையணும்னு பிராசஸர்தான் அதுக்குச் சொல்லும். உங்க ஆபீஸ்ல குச்சி வந்து சேரலைன்னா, பெட்டி அடைக்கிற பொம்பளைக எம்புட்டுச் சுறுசுறுப்பா இருந்தும் என்ன செய்வாவ? கையக் கட்டிக்கிட்டு உக்காந்துதான இருப்பாவ? அந்தக் கதைதான் இதுவும். உங்க மகன் போட்டுட்டுப் போன மெஷின் அரதப் பழசு. பிராசஸரையும் சேத்து மாத்துங்க."

"அப்ப எந்தப் பிராசஸருக்குத்தான் இது சேரும்?"

வேல்சாமி சொன்னான். பூவனநாதன் திரும்பவும் ஒருமுறை கேட்டு மனசில் வாங்கிக்கொண்டார். பிறகு, "சரி, கார்டை மட்டும் கட்டு" என்றார். நீ தராவிட்டால் மதுரையில் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

பணத் திமிர் என்று நினைத்துக்கொண்டான் வேல்சாமி. பின்னால் என் மேல் குறை சொல்லக் கூடாது என்று கறாராகப் பேசித்தான் கொடுத்தான்.

ஒரு வாரம் தாங்கவில்லை. பொருத்தம் வேல்சாமி போயும் போயும் பூவனநாதன் தலையிலேயே பொருந்தாத கார்டைக் கட்டிவிட்டானாம் என்று பஜார் முழுக்கப் பேச்சு. டீக்கடையில் இவன் முகத்துக்கு நேரேயே சிரித்தார்கள். கயத்தாற்றில் கேம் சென்டர் திறக்க இருந்த ஜெயபாண்டி, எல்லா மெஷினையும் இவனிடமே எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தவர், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போனில் இழுத்தார். பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்று விசாரித்தால், சாட்சாத் பூவனநாதனேதான்.

வேல்சாமிக்கு உச்சந்தலை கொதித்தது. வாங்கும்போது ஒரு வாய், வாங்கிய பிறகு ஒரு வாயா? நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று பைக்கை எடுத்தான்.

தீப்பெட்டி ஆபீஸில் நாலு பேர் என்ன, நாற்பது பேர் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று, "அண்ணாச்சி எங்கன?" என்று சத்தமாகக் கேட்டபடியே உள்ளே போனான்.

அங்கே கணக்குப் பார்க்கும் கிருஷ்ணப்ரியா எழுந்து ஓடி வந்தாள். கேம் போட்டிகளில் பெயர் எடுத்துக்கொண்டிருக்கிற பெண். அவளும் இவன் கடை வாடிக்கைதான்.

"அண்ணே, நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன். முதலாளி அந்தக் கார்டை எனக்குக் குடுத்திருக்காவ. அவிய மெஷினுக்குச் சேரலையாம், நீங்களும் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டீங்களாம். சும்மாத்தான கெடக்கு, நீ போட்டுக்கோன்னாவ. என் மெஷின்ல போட்டேன், பறக்குது. ஞாயித்துக்கிழமை டீமுக்கு ஆள் எடுக்குதாவ. இது இருந்தா நான் கண்டிப்பா உள்ள போயிருவேன்."

"போக வேண்டியதுதான? அதுக்கு நான் எதுக்கு?"

"எங்கம்மா நம்ப மாட்டேங்கா. உனக்குன்னே வாங்கிட்டுக் கதை சொல்லுதாவளோங்கா. பக்கத்து வீட்ல பலகாரம் குடுத்து விட்டாக்கூட, அந்தத் தட்டை வெறுந்தட்டாத் திருப்பிக் குடுக்காதவ அவ. சேராத பொருள்னா வச்சுக்க, நமக்குன்னு வாங்கினதுன்னா இன்னைக்கே குடுத்துரு, இம்புட்டுப் பெரிய செய்முறையத் திருப்பிச் செய்ய நமக்கு முடியாதுன்னுட்டா. நெசத்தச் சொல்லுங்கண்ணே. நீங்க தப்பாத்தான் வித்தீங்களா?"

வேல்சாமி நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடி அறைக்குள் பூவனநாதன் எழுந்து நின்றிருந்தார். ஊரையே அதட்டுகிற மனுஷன், இப்போது இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் திரும்பவும் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டாரே, அந்தப் பிராசஸர் யார் வீட்டு மெஷினில் இருக்கிறது என்பது வேல்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. போன பொங்கலுக்கு அவன் கையால்தான் அதைக் கிருஷ்ணப்ரியாவுக்கு மாட்டிக் கொடுத்தான். கார்டு பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தாள்.

பெட்டி அடைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். இங்கே சொல்வது பொழுது சாய்வதற்குள் பஜாருக்குப் போய்விடும். அங்கிருந்து கயத்தாற்றுக்கும் போய்விடும்.

"ஆமா தாயி," என்றான் வேல்சாமி, நாற்பது பேருக்கும் கேட்கும்படி. "பொருத்தம் பாக்காம நாந்தான் வித்துட்டேன்."