கறக்காத காலை

“மாமா, பவானிய இப்பவே கறந்துரலாமுங்க.”

மோகனப்ரியா கேட்டதும் பந்தலில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. மாட்டுப் போட்டி முடிகிறவரை கறவை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று மாமியார் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எடுத்துவிட்டாள்.

மாமனார் கிருஷ்ணராஜ் முடிவெட்டும் மெஷினைப் பசுவின் வயிற்றடியில் ஓட்டிக்கொண்டிருந்தார். மடியைச் சுற்றியுள்ள முடியை ஒட்ட மழித்துவிட்டால் பால் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்துத் தெரியும். நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு கறக்காத மடி, தோல் மின்ன, கல்லாக இறுகித் தொங்கியது.

அப்படித் தொங்கினால்தான் நடுவர் நின்று பார்ப்பார். போன தசராக் கண்காட்சியில் குண்டலுபேட்டைக்காரர் ஒருவரிடம் கோப்பையைப் பறிகொடுத்ததிலிருந்து, அதைப் பற்றி மாமனார் புலம்பாத நாளில்லை.

“ஒரு நாள்தானே அம்மிணி,” என்றார் கடைசியில். “பொறுத்துக்கும்.”

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் கேட்ட வேறொன்றுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. ஒரு நாள்தானே.

“வலிக்குதுங்க மாமா அதுக்கு. பின்னங்கால அகட்டி வெச்சுட்டு நிக்குது பாருங்க.”

பக்கத்தில் தன் காளையின் கொம்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கிருஷ்ணராஜ் சிரித்தார். “எங்க மருமக பி.எஸ்சி.யாக்கும். அவங்க வம்சத்துலயே மொத டிகிரி. இப்ப மாட்டுக்கு வக்கீலா நிக்கறா.”

அந்த ஆளும் சிரித்தார். மோகனப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹனூரிலிருந்து வந்து மைசூரின் ஓரத்தில் பால்பண்ணை வைத்த குடும்பம் அது. படித்த பெண்தான் வேண்டும் என்று தேடிப் பிடித்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். படித்தவள் வாயைத் திறப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை போலும்.

இன்றைக்கு அவளைக் கூட்டிவந்ததே வேறு வழியில்லாமல்தான். மெஷின் சத்தத்துக்குப் பவானி மிரளும். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றால் மட்டும் அசையாது.

விடிவதற்குள் குழாயடியில் நிறுத்தி, தேங்காய் நாரால் பசுவைத் தேய்த்துக் கழுவியதும் அவள்தான். இப்போது வெயில் ஏறி, பவானியின் உடம்பு வால் நுனிவரை காய்ந்துவிட்டது. அவளுடைய ரவிக்கை மட்டும் இன்னும் ஈரமாகவே இருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பந்தலுக்குப் பின்னால், டெம்போவின் சக்கரத்தில் கட்டியிருந்த கன்று கத்தியது. வாயில் கூடை மாட்டியிருந்ததால் குரல் அமுங்கி வந்தது. பவானி தலையைத் திருப்பியது. காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

“துணி எடு, துணி எடு,” என்று கிருஷ்ணராஜ் பதறினார். மோகனப்ரியா எடுக்கவில்லை. கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து நின்றாள்.

வால் குஞ்சத்தைச் சீப்பால் சிக்கெடுத்துக்கொண்டிருந்த கணவன் மதனிடம் போனாள். “நீங்களாவது சொல்லுங்க.”

“அப்பாகிட்ட மல்லுக்கு நிக்காத பிரியா. கப்பு வாங்கிட்டா சாயங்காலம் எல்லாம் சரியாயிரும்.”

“ஆருக்குங்க சரியாகும்?”

மதன் இன்னொரு சிக்கை எடுக்க ஆரம்பித்தான்.

ஒலிபெருக்கி கன்னடத்தில் மாட்டுக்காரர்களை நடுவர் மேடைக்கு வரச் சொன்னது. அப்பாவும் மகனும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். காதுக்குள் இருக்கும் முடியை மட்டும் கத்தரித்து வைக்கச் சொன்னார்கள். மடிப்பக்கம் யாரையும் விடக் கூடாது என்று போகிறபோதும் ஒரு தடவை சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது பவானி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. காது மழமழவென்று இருந்தது, குளம்பில் எண்ணெய் மின்னியது. வயிற்றடியில் கன்று முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அதன் கடைவாயில் நுரை வழிந்தது. வாய்க்கூடை ஓரமாகக் கிடந்தது. மடி பழைய துணிப்பையாகத் தளர்ந்திருக்க, பசு காலை இயல்பாக ஊன்றிக் கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணராஜ் வாய்க்கூடையைக் கையில் எடுத்தார். “ஆரு... ஆரு அவுத்துவுட்டது?”

“நான்தானுங்க.”

கப்பு போச்சே என்று அவர் வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டார். படிச்ச திமிரு என்றார். உங்கப்பன் வீட்டு மாடா இது என்றார். மோகனப்ரியா கத்தரிக்கோலைக் கணவன் கையில் கொடுத்தாள். வாளித் தண்ணீரில் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கண்காட்சி வாசலைப் பார்த்து நடந்தாள்.

அங்கே ஓர் ஆட்டோ நின்றிருந்தது. கன்றை அவிழ்ப்பதற்கு முன்பே அவள் பேசி நிறுத்தி வைத்திருந்த ஆட்டோ.

மதன் பின்னாலேயே ஓடிவந்தான். “இத்தன பேரு முன்னால எங்க மானத்த வாங்கிட்டு, நீ பாட்டுக்கு எங்க போற?”

அவள் திரும்பாமல் ஏறி உட்கார்ந்தாள்.

“வீட்டுக்குங்க. எம்புள்ளைக்குப் பால் குடுக்க.”