வீமனின் கூலி

ஐப்பசி மழை யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் மேல் அவசரமின்றி இறங்கிக்கொண்டிருந்தது. பனைகள் ஈரத்தில் கருத்து நின்றன. செம்மண் தறைகளில் நீர் தேங்கி, வானம் தாழ்ந்து, பகற்பொழுது விளக்கேற்றாத கருவறைபோல் மங்கிக் கிடந்தது. பிரிந்தவரை நினைப்பதற்கென்றே வகுக்கப்பட்ட பருவம் இது என்று முன்னோர் கூதிரைப் பாடிவைத்தது வீணன்று.

கொக்குவிலில், மதில் சூழ்ந்த வளவொன்றில், கந்தசட்டி விரதத்தின் மூன்றாம் நாள் பூசைக்கு மலர் கொய்துகொண்டிருந்தார், ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த கமலாவதி ரீச்சர்.

அப்போது வீமன் அவருடைய சேலைத் தலைப்பைக் கவ்வி இழுத்தது.

ரீச்சர் மலர்த்தட்டைக் கைவிட்டு, நாயின் பின்னே ஓடி, வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழியான பங்கருக்குள் இறங்கினார்.

அவருக்குச் செவி கேளாது. முன்பொரு நாள் இதே வளவில் விழுந்த குண்டு கணவரையும் செவிப்புலனையும் ஒன்றாகக் கொண்டுபோயிற்று. குண்டுபோடும் பொம்பர் விமானம் வருவதை ஊரார் ஒலியால் அறிந்து பதுங்குவார்கள். ரீச்சருக்கு அதை அறிவிக்க எஞ்சியிருந்தது இந்த நாய் ஒன்றே.

அதைப் பழக்கியவர் யாகப்பு. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து, மனைவி பெர்னடெட்டுடன் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த கடற்றொழிலாளி. கடலுக்குப் போக வழியற்ற நாள்களில் மாலைதோறும் மதிலேறிக் குதித்து வருவார். தகர வாளிக்குள் முகத்தைப் புதைத்துப் பொம்பர்போல உறுமுவார். வீமன் தலைப்பைக் கவ்வி ரீச்சரைப் பங்கருக்குள் இறக்க வேண்டும். இறக்கினால் நெத்தலிக் கருவாடு.

மரக்கறியன்றி வேறொன்று அறியாத அந்த வீட்டினுள் கருவாடு நுழைந்தது இவ்வாறுதான். சிறிய தகரப்பெட்டி ஒன்றில் இட்டு, ரீச்சர் அதை இடுப்பிலே செருகிக்கொண்டார்.

“ரீச்சர் கோயிலுக்குப் போனா முருகனே மூக்கைப் பொத்துவார்!” என்று எதிர்வீட்டு நல்லம்மா படலையடியில் நின்று சிரித்தாள்.

“பொத்தட்டும் நல்லம்மா. ஆள் உயிரோடை போய் நிண்டால் காணும்,” என்றார் யாகப்பு.

ஒருமுறை வீமன் இழுத்த இழுப்பில் நல்ல சேலையொன்று கிழிந்தது. ரீச்சர் விளக்குமாற்றை ஓங்கினார். யாகப்பு அதைப் பறித்து எறிந்துவிட்டு, உதட்டசைவை அவர் வாசிக்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“அடியாதேங்கோ ரீச்சர். பயந்த நாய் பொம்பர் வரேக்கை தான் மட்டும் ஓடி ஒளிக்கும். உங்களைத் தேடி வராது.”

அதன்பின் அந்த வளவில் எவருடைய கையும் ஓங்கவில்லை. வீமனும் பிழைவிடுவதை மெல்ல மெல்ல மறந்தது. ஒவ்வொரு பாடமும் முடிந்தபின் யாகப்பு பங்கர் வாசலில் குனிந்து, இரு கையும் தட்டி, “என்ரை ராசா!” என்று கூவி, அதன் காதுகளைப் பிசைந்துவிடுவார்.

சென்ற வாரம் அவரும் பெர்னடெட்டும் கிளாலிக் கடலைக் கடந்து மன்னார்ப் பக்கம் போய்விட்டார்கள். அன்றுதொட்டு வானில் பொம்பர் எதுவும் வரவில்லை. யாகப்பு இல்லாவிட்டாலும் நாய் தன்னைத் தேடி வருமா என்ற அச்சத்துடனேயே ரீச்சர் ஒவ்வொரு நாளையும் கழித்தார்.

இன்று அது தேடி வந்துவிட்டது. பங்கருக்குள் குந்தியிருந்த அவருடைய கண்கள் நிறைந்தன.

விரதக் கையால் தகரப்பெட்டியைத் திறந்து, கருவாட்டை எடுத்து நீட்டினார். பின் மண்சுவரில் உள்ளங்கையைப் பதித்து, நிலம் அதிர்வதை எதிர்பார்த்தார்.

நிலம் அதிரவில்லை.

நெடுநேரம் பொறுத்துப் படியேறி, மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒழுங்கையில் நல்லம்மா குடையும் அருச்சனைத் தட்டுமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ரீச்சரின் முகத்தைக் கண்டதும் வானத்தைக் காட்டிக் கையை விரித்தாள். ஒன்றுமில்லை.

ரீச்சருக்குச் சினம் மூண்டது. கருவாட்டுக்காகப் பொய் சொல்லியிருக்கிறது. நாளை மெய்யாகவே இழுக்கும்போது எதை நம்பி இறங்குவது?

கண்டிப்பதற்கென்றே திரும்பி இறங்கினார்.

வீமன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கருவாடு சேற்றில் கிடந்தது. அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காதுகளை நிமிர்த்தி, ரீச்சரைக் கடந்து, மழை வெளிச்சம் விழும் பங்கர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாடத்தை அது பிழையின்றி முடித்திருந்தது. இனி அந்த வாசலில் ஒருவர் குனிய வேண்டும்.

கருவாடு ஒருநாளும் அதன் கூலியாக இருந்ததில்லை.

மாலைதோறும் மதிலின் மேல் ஒரு தலை தெரிவதற்காகத் தாமும் தலைவாரிக் காத்திருந்ததை ரீச்சர் அப்போது நினைத்தார்.

மீண்டும் படியேறினார். வாசலில் நின்று திரும்பி, மழையில் நனைந்தபடியே குனிந்தார். இரு கையும் தட்டினார்.

“என்ரை ராசா!”

தம் குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது. வீமன் அவரையே உற்றுப் பார்த்தது. சற்றுப் பொறுத்து அதன் வால் நிலத்தில் ஒருமுறை அடித்தது. பிறகு எழுந்து வந்து, அவருடைய முழங்காலில் தலையைச் சாய்த்தது.

கோயிலில் பூசைக்கு மணியடித்திருக்கும். ரீச்சர் கை கழுவ எழவில்லை. பங்கர்ப் படியிலேயே அமர்ந்து, அன்றைக்குரிய பதிகத்தைத் தொடக்கம் முதல் முற்றும் ஓதி முடித்தார். மடியிலிருந்த திருநீற்றுப் பையைத் திறந்து, கருவாடு மணக்கும் விரலால் தம் நெற்றியில் இட்டார். வீமனின் ஈர நெற்றியிலும் இட்டார்.

அதன் தலைமேல் கையை வைத்தபடியே தென்திசை நோக்கினார்.

“போன இடத்திலை ரெண்டுபேரும் சுகமாய் இருங்கோ.”