கூடவே வந்தவை

புவனேஸ்வரியின் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. அவள் வழக்கம்போல, சரி என்பதற்கான ஒய் எழுத்தைத் தட்டப் போனாள்.

“இரு, தட்டாத” என்றாள் அம்பிகா.

சொன்னது அவளுக்கே புதிதாக இருந்தது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருந்த அந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒய் தட்டுவதுதான் பாடத்திட்டம். எதை ஏற்றினாலும் இறக்கினாலும் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்கும். அதை யார் உட்கார்ந்து படிப்பது? எது கேட்டாலும் ஒய் போட்டு எண்டர் தட்டு, அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். அம்பிகாதான் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் இதுவரை ஒரு குடியும் முழுகிவிடவில்லை.

அன்று காலைதான் கம்ப்யூட்டர்களை ஓட்டும் லினக்ஸின் புது வெர்ஷனை ஏற்றியிருந்தார்கள். சாஃப்ட்வேர்களைப் போடவும் எடுக்கவும் உள்ள பேக்கேஜ் மேனேஜருக்கு அதில் புதுப் புத்தி வந்திருந்தது. முன்பெல்லாம் ஒன்றை நீக்கினால் அது மட்டும்தான் போகும். அதற்காகக் கூடவே வந்திறங்கிய சில்லறைகள் ஒரு மூலையில் கிடக்கும். கேட்பாரில்லை, தொந்தரவும் இல்லை.

இப்போது அப்படியில்லை. எதற்காக வந்தனவோ அது போய்விட்டது, இனி இவை தேவையில்லை, சேர்த்து நீக்கிவிடவா என்று கேட்டது.

புவனேஸ்வரி நீக்க நினைத்தது தமிழ் டைப்பிங் பழகும் சாஃப்ட்வேரை. அதோடு வந்த தமிழ் எழுத்துருக்களும் சேர்ந்து கிளம்ப நின்றன. சென்டரில் அத்தனை பேரும் அன்றாடம் அடிப்பது அவற்றில்தான்.

அம்பிகா முதல்முறையாகக் கேள்வியைக் கடைசிவரை படித்தாள். ஆடி மாதத்திலிருந்து எந்தக் கேள்வியையும் அவள் அப்படிக் கவனித்ததில்லை.

ஆடியில்தான் அவள் புருஷன் இளையபெருமாள் போனான். ரஞ்சன்குடி தாண்டி ஹைவேயில், பைக்கில். அன்றிலிருந்து ஆளாளுக்கு வந்து ஏதாவது கேட்டார்கள். காரியத்தை எப்போது வைக்கலாம்? அவன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா? அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆள் முழுக்க மரத்துக் கிடந்தாள்.

போன வாரம் விக்கிரமங்கலத்திலிருந்து அண்ணன் தமிழழகன் போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்து வருகிறேன், வாடகை வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிடு என்றான். சரி என்றாள். உன் மாமியாரைத் தா.பழூரில் அவர் மகள் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்றான். அதற்கும் சரி என்றாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு இது கடைசி வகுப்பு.

மாமியார் ஆண்டாயி. மகனோடு ஒட்டிக்கொண்டு அம்பிகாவின் வாழ்க்கைக்குள் வந்தவள். முதல் வருஷம் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். குழம்பில் புளி கூடினாலும் சண்டைதான். ஆனால் ஆடிக்குப் பிறகு அவள்தான் விடியுமுன் எழுந்து வெந்நீர் வைக்கிறாள். தலை வாரிவிடுகிறாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செத்தது அவளுக்கும்தான் மகன் என்பது அம்பிகாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

மருமகன் வீட்டில் ஒரு பொழுதுக்கு மேல் தங்குவதை ஆண்டாயி மானக்கேடாக நினைப்பவள். மகள் சிந்தாமணியோ, அம்மா வந்தால் மாட்டுக்கொட்டகையில் கட்டில் போட்டுத் தருகிறேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தாள். எல்லாம் அம்பிகாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றிருக்கிறாள்.

“அப்ப இத எப்படிங்க மேடம் போவாம வைக்கிறது?” என்றாள் புவனேஸ்வரி.

அதற்கும் வழி வைத்திருந்தார்கள். எதனோடு வந்ததாக இருந்தாலும், இது எனக்கு வேண்டும் என்று தனியாக ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். அப்புறம் எது போனாலும் அதைத் தொடாது. அம்பிகா ஒரு வரியில் அதை அடித்துக் காட்டினாள்.

அண்ணன் வந்ததும் சொல்லிவிட வேண்டும். அத்தை என்கூடத்தான் இருக்கும், வேனைத் திருப்பி அனுப்பு. கத்துவான். கத்திவிட்டுப் போகட்டும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தமிழழகன் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான்.

“கெளம்பு அம்பிகா. சாமானெல்லாம் ஏத்தியாச்சு.”

“அண்ணே, அத்தைய அனுப்ப வேணாம்...”

“அவங்க அப்பவே போயிட்டாங்களே. நீ சரின்னுட்டேன்னு சொன்னேன். வூட்டப் பெருக்கிவுட்டுட்டு, பைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டாங்க. அரியலூர்ல எறங்கி தா.பழூர் பஸ் மாறிக்கங்கன்னு சொல்லித்தான் வுட்டேன்.”

“அத்தைக்கு போர்டு படிக்கத் தெரியாதுண்ணே” என்றாள் அம்பிகா. “எந்த பஸ்ஸு?”

பதிலுக்கு நிற்காமல், செருப்பைக்கூட மாட்டாமல் அவள் படியிறங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டி அடுத்த படி தெரியவில்லை.

“அது போயி ஒரு மணி நேரமாச்சும்மா” என்று மேலேயிருந்து அண்ணன் சொன்னான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு மணி நேரம்தான். ஆண்டாயி இந்நேரம் அங்கே இறங்கியிருப்பாள்.