பேச்சுத்துணை

இதில் ஓர் எழுத்துகூடப் பிசகில்லை, சத்தியம்.

தமிழர்களை அபூர்வமாகவே பார்க்க முடிகிற ஊர் அது. மனம் நொந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து, பிறகு வீடு திரும்பிய தையல்காரர், ஏழு மாதமாக வாய் திறக்கவில்லை. கொட்டாவியைக்கூட மூக்கால்தான் விட்டார்.

பேசினால்தான் தேறுவார் என்று தன் மொழியில் சொன்னார் டாக்டர். அவருக்கோ தமிழ் தெரியாது. அதனால் வாராவாரம் பேச்சுத்துணைக்கு ஒரு தமிழ்த் தொண்டரை அனுப்பினார்கள்.

முதல் வாரம் தொண்டர், "வாலப்பலம் சாப்பிடுங்கண்ணே" என்றார். தையல்காரருக்குக் காது கூசியது.

அடுத்த வாரம், "மலை வருதுண்ணே, ஜன்னலை மூடட்டுமா?" தையல்காரர் எட்டிப் பார்த்தார். மலை எதுவும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம், "என் சட்டை கிளிஞ்சு போச்சுண்ணே."

"கிளி பறக்கும்யா! சட்டைதான் கிழியும்! நாக்கை மடிச்சு 'ழ' சொல்லு!"

அந்தக் கத்தலில் தெருக்கோடியில் நின்ற கார்கள் அலாரம் அடித்தன. மனைவி கரண்டியோடு ஓடிவந்து, அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று முதல் வீட்டில் 'ழ' பாடம்தான்.

"உன் மண்டைல ஏறவே ஏறாதா?"

"பலக்கம் இல்லண்ணே."

"இந்த ஆளுக்கு 'ழ' வர்ற வரைக்கும் நான் தெம்பா இருந்தாகணும்டி!" என்று மனைவியிடம் உற்சாகமாக அலுத்துக்கொண்டார் தையல்காரர்.

தொண்டர், முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.