எஸ்தர் டீச்சரின் கடைசிக் கேள்வி

ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பத் தேர்வில் எஸ்தர் டீச்சர் இரண்டு முறை தோற்றிருந்தார். கருவிகளையெல்லாம் நன்றாகவே இயக்கினார். கடைசிக் கேள்விதான் காலை வாரியது. தேர்வு நடத்தும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்குத் தெரியாத ஒன்றைக் கேட்பார்கள். தெரியாது என்று ஒப்புக்கொண்டால் தேர்ச்சி. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், இரண்டு முறையும் "அத நாளைக்குப் பாக்கலாம்" என்றுவிட்டார்.

மூன்றாம் முறை யாழிசை என்ற சிறுமி தான் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியைக் காட்டிக் கேட்டாள்.

"மிஸ், மனசுல போடுற கணக்கு இதுல தெரியுதே, எப்படி மிஸ்?"

எஸ்தர் குனிந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். "தெரியலம்மா. நீயே சொல்லிக்குடேன்."

பச்சை விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எஸ்தர் சிரித்தபடி, பாடம் கேட்க முன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

யாழிசை கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத நாளைக்குப் பாக்கலாம் மிஸ்."