நீலத் துணி

சூட்டைச் சேமிக்கும் மெழுகுக் குமிழ்கள் பூசி, துணித்தொழில் மாலை வகுப்பில் நான் செய்த துணி அது. சூடு இருக்கும்வரை வெள்ளை, தீர்ந்தால் நீலம். குறைமாதத்தில் பிறந்த அக்காவின் குழந்தையை அதில்தான் சுற்றியிருந்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் மலைப்பாதையில் மண் சரிந்து, எங்கள் ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. நினைத்ததைவிடச் சீக்கிரமே துணி முழுக்க நீலமானது. மெழுகின் அளவை மனதுக்குள் மறுபடி சரிபார்த்தேன். எங்கே தவறினேன் என்று பிடிபடவில்லை. அக்கா குழந்தையை வெற்று மார்பில் போட்டு, மேலே துணியைப் போர்த்தி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் விரல்களைச் சுற்றி வெள்ளை படர்ந்தது.

"வெளுக்குது பாரு ரெஜினா! புள்ளைக்குச் சூடு வந்திருச்சு!"

"உன் கைச்சூடா இருக்கும்க்கா. கையை எடு, பாத்துரலாம்."

"எடுக்கமாட்டேன்டி."

அவள் கைமேல் என் கையையும் வைத்து அழுத்தினேன்.